நாணயம் விற்பவரின் நாணயம்



தமிழில் நாணயம் என்னும் ஒரே சொல் இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. கையில் கொடுத்து வாங்கும் காசுக்கும் அதுவே பெயர். கொடுத்த சொல்லைக் காக்கும் நேர்மைக்கும் அதுவே பெயர். இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற நிகழ்ச்சி ஒன்று, சென்ற தசலட்சண பருவத்திற்குச் சில நாள்களுக்கு முன் என் வீட்டிலேயே நடந்தது. அதனை முன்னிட்டே இவ்விதழில் அசௌரிய அணுவிரதத்தைப் பற்றி எழுத எண்ணினேன்.

என் தங்கை மகன் அலுவலகப் பணியில் இருப்பவன். விடுமுறை நாள்களில் பழைய நாணயங்களை வாங்கி, இணையச் சந்தையின் வழியே விற்கிறான். நாணயத்தின் இரு பக்கங்களையும் படம் பிடித்து, ஆண்டு, அச்சடித்த சாலை, எடை, தேய்மான நிலை ஆகியவற்றை எழுதி வெளியிடுவான். எங்கோ ஓர் ஊரில் இருப்பவர் அதனைப் பார்த்துப் பணம் செலுத்துவார். இவன் கூரியரில் அனுப்புவான். வாங்குபவரின் முகத்தை இவன் அறியான். இவன் முகத்தை அவர் அறியார். நம் பாட்டனார் காலத்தில் வெள்ளி ரூபாயை வாங்குபவர் கல்லின்மேல் சுண்டி ஓசை கேட்டு, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்த பின்னரே மடியில் முடிந்தனர். இங்கோ கண்ணும் இல்லை, காதும் இல்லை. விற்பவன் எழுதிய நாலு வரியே வாங்குபவருக்குக் கண்ணும் காதும். ஆதலின் இவ்வணிகத்தில் பொருளைக் காட்டிலும் சொல்லே முதலில் விற்கப்படுகிறது என்பதை மனத்திற்கொள்க.

அன்று அவன் கைப்பேசியை நீட்டியபடியே வந்தான். “பெரியம்மா, இதைப் படியுங்கள். என்னைத் திருடன் என்று எழுதியிருக்கிறார்” என்றான். அவன் விற்றது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த, 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். வாங்கியவர் புனே நகரத்தவர். அவர் எழுதியதில் வசைச்சொற்களை நீக்கிவிட்டால் எஞ்சியது இவ்வளவே: “ஆண்டின் கடைசி இலக்கம் திருத்தப்பட்டுள்ளது, இது 1938.”

நாணயம் சேர்ப்பவர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். மற்றவர்க்காகச் சிறிது விளக்குகிறேன். 1938, 1939 ஆகிய இரண்டு ஆண்டுகளின் ரூபாயும் ஒரே எடை, 11.66 கிராம், ஒரே தரம், ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. 1940 முதல் அரசு வெள்ளியின் பங்கைப் பாதியாகக் குறைத்துவிட்டது; 1947-இல் ரூபாய் வெள்ளியே இல்லாத நிக்கல் ஆயிற்று. அந்தப் பழைய நல்ல வெள்ளியில் வந்தவற்றுள் 1938 எளிதில் கிடைப்பது, 1939 அரிது. ஆகவே எட்டின் கீழ்ச் சுழியை ஊசிமுனையால் ஓரிடத்தில் அறுத்து ஒன்பதாக்கிவிடுவோர் உண்டு. தராசில் வைத்தால் எடை சரி. காந்தம் ஒட்டாது. நீரில் அமிழ்த்திப் பார்த்தாலும் வெள்ளியின் கணக்கு சரி. நாணயம் முழுவதும் மெய். ஒரே ஓர் இலக்கம் மட்டும் பொய். அந்தப் பொய்க்குத்தான் விலை.

ஆசாரியர் உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் அசௌரிய விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறினார். கள்வனை ஏவுதல், கள்வன் கொணர்ந்ததை வாங்குதல், அரசின் சட்டத்தை மீறுதல், அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்தல் என்னும் நான்கோடு ஐந்தாவதாக வைத்தது பிரதிரூபக வியவகாரம், அஃதாவது போலியைக் கொண்டு வாணிகம் செய்தல். இதனையே ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் சத்ருச சன்மிச்ரம் என்றார்; ஒத்த தோற்றமுடையதை நல்லதோடு கலத்தல் என்பது பொருள். நெய்யில் எண்ணெய் கலப்பதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். ஓர் எட்டின் சுழியில் ஊசிமுனை அளவு வெள்ளியை அகற்றுவதும் அதே கலப்படமே என்பது அன்று எனக்கும் புதிதாகத் தோன்றியது. இங்கே கலந்தது ஒன்றுமில்லை, எடுத்ததே உண்டு. ஆயினும் போலி போலிதான்.

“இந்தத் திருத்தத்தைச் செய்தவன் நான் அல்லவே. ஒரு பழைய வீட்டுச் சேமிப்பை மொத்தமாக விலைக்கு வாங்கியபோது அதனுள் வந்தது. நான் அறியாமல் விற்றது எப்படித் திருட்டாகும்?” என்று கேட்டான். கேள்வி நியாயமானது. அறியாமல் நேர்ந்ததை வஞ்சனையென்று ஆகமம் கூறாது; யோகமும் கஷாயமும் கூடும்போதுதான் வினை அழுத்தமாக ஒட்டுகிறது. ஆனால் அறியாமல் விற்றவன் அறிந்தபின் என்ன செய்கிறான் என்பதில் அடுத்த வினை தொடங்குகிறது. அவன் ஏற்கெனவே ஒரு மறுமொழி தட்டெழுதி வைத்திருந்தான், அனுப்பவில்லை. வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். நாணயம் தெரியாதவர்கள் வாங்க வரக்கூடாது. என்னைத் திருடன் என்றதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.” மூன்று வாக்கியங்களில் மானமும் குரோதமும் லோபமும் இருந்தன. நான்காவது கஷாயமாகிய மாயை எங்கே என்று எண்ணினேன். அது பின்னால் வந்தது.

முதல் வாக்கியத்தைப் பற்றிச் சட்டம் என்ன கூறுகிறது என்பதை அவனே தேடிப் படித்தான். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாததாகவோ இருப்பின், அதனைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது. திரும்பப் பெறோம் என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாலும் இந்தக் கடமை நீங்காது. முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. அரசு 2020-இல் எழுதியதை ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விரதமாக வைத்தனர் என்று பெருமை பேசலாம். ஆனால் விரதத்தை நாம் மறந்ததனால்தான் விதி வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மேருமந்தர புராணத்தை நம் இல்லங்களில் படித்தோர் பத்திரமித்திரனை மறந்திருக்கமாட்டார்கள். திருப்பருத்திக்குன்றத்தோடு தொடர்புடைய வாமன முனிவர் அருளிய அந்நூலில், பத்திரமித்திரன் என்னும் வணிகன் தான் ஈட்டிய மணிகளைச் சிங்கபுரத்தில் சிரீபூதி என்னும் அமைச்சனிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றான். சத்தியகோடன் என்று ஊரார் போற்றும் அளவுக்கு உண்மைக்குப் பெயர் பெற்றவன் அந்த அமைச்சன். வணிகன் திரும்பி வந்து கேட்டபோது, நீ யார், மணி ஏது என்றான். வணிகன் தெருவெல்லாம் அரற்றினான். ஊரார் பித்தன் என்றனர். அவனோ நாள்தோறும் விடியலில் மரத்தின்மேல் ஏறி நின்று அதே முறையீட்டைக் கூவினான். அரசி இராமதத்தை இதனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இவன் நாள்தோறும் ஒரே செய்தியையே மாறாமல் கூறுகிறான், பித்தனாயின் சொல் மாறும், ஆகவே இதில் உண்மை இருக்க வேண்டும் என்று அவள் எண்ணினாள்.

முறையீட்டைக் கேட்கும் முறையை இந்த அரசியிடம் கற்க வேண்டும். புனேக்காரர் நான்கு முறை எழுதியிருந்தார். வசை ஒவ்வொரு முறையும் மாறியிருந்தது. கடைசி இலக்கம் என்ற செய்தி மட்டும் மாறவேயில்லை. வசைக்கு மறுமொழி எழுத உட்கார்ந்தால் இரவு முழுவதும் எழுதலாம். மாறாமல் நிற்கும் அந்த ஒரு வரிக்கு மறுமொழி எழுத ஐந்து நிமிடம் போதும்.

“நீ எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டு” என்றேன். இரண்டு படங்கள் இருந்தன. முன்பக்கம் தெளிவாக இருந்தது. ஆண்டு பொறித்த பக்கத்தில் மட்டும் விளக்கொளி சரியாகக் கடைசி இலக்கத்தின் மேல் விழுந்து, அவ்விடம் வெள்ளையாகப் பளிச்சிட்டது. எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. ஆனால் 34 ஆண்டுகள் மாணவர்களின் விடைத்தாள்களைப் பார்த்தவள். விடை தெரியாத இடத்தில் மட்டும் மை கொட்டியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒன்றும் கேட்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் சென்றபின் அவனே பேசினான். “படம் எடுக்கும்போது ஓர் ஐயம் வந்தது பெரியம்மா. ஒன்பதின் வால் கொஞ்சம் மெல்லியதாகத் தெரிந்தது. உறுதியாகத் தெரியவில்லை. அதனால் நாணயத்தைச் சற்றுத் திருப்பி வைத்து எடுத்தேன்.”

மாயை வந்துவிட்டது. பொய் ஒன்றும் எழுதவில்லை. நாணயத்தைச் சற்றுத் திருப்பினான், அவ்வளவே. உத்தம ஆர்ஜவத்தைப் பற்றிப் பருவ நாளில் எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறோம். மனம், சொல், செயல் மூன்றும் நேர்கோட்டில் நிற்பதே ஆர்ஜவம். மனத்தில் ஐயம் இருந்தது. சொல்லில் 1939 என்ற உறுதி இருந்தது. கை விளக்கை மறைப்புக்குப் பயன்படுத்தியது. நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்து சொல்ல வேண்டியதை அவன் தானே சொல்லிவிட்டான்.

அன்று மாலையே அவன் எழுதிய மறுமொழியை ஏறத்தாழ அப்படியே தருகிறேன், வேறு எவருக்கேனும் பயன்படக்கூடும். “உங்கள் கூற்று சரியாக இருக்கக்கூடும். இலக்கத்தைப் பற்றி எனக்கும் முன்பே ஐயம் இருந்தது. அதனை விளம்பரத்தில் எழுதாதது என் பிழை. நாணயத்தைத் திருப்பி அனுப்புங்கள். விலையும், நீங்கள் செலுத்திய கூரியர் கட்டணமும், திருப்பி அனுப்பும் கட்டணமும் முழுவதும் தருகிறேன்.” இதில் ‘எனக்கும் முன்பே ஐயம் இருந்தது’ என்ற தொடரை எழுத அவனுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதனை எழுதாமலே பணத்தைத் திருப்பித் தந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அப்போது திரும்பியது பணம் மட்டுமாகவே இருந்திருக்கும். அவனது அரை மாத ஊதியம் அந்த விலை. அவன் மனைவிக்கு வருத்தம்தான். அதனையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இனி எதிர்ப்பக்கத்தையும் கூற வேண்டும். வாங்குபவர் எல்லாரும் பத்திரமித்திரர் அல்லர். நல்ல நாணயத்தைப் பெற்றுக்கொண்டு, தம்மிடமுள்ள தேய்ந்த நாணயத்தையோ போலியையோ அதே உறையில் இட்டு, இதுதான் வந்தது என்று திருப்புவோரும் உண்டு. இவனுக்கே முன்பு ஒருமுறை அவ்வாறு நேர்ந்தது. அப்போது இவனிடம் சான்று ஒன்றுமில்லை. இணையச் சந்தையார் வாங்கியவர் பக்கமே தீர்ப்புக் கூறினர்.

புராணத்தின் பிற்பகுதி இங்கே உதவும். அரசி அமைச்சனோடு சூதாடி, அவனது மோதிரத்தையும் பூணூலையும் வென்று, அவற்றை அடையாளமாகக் காட்டச் செய்து, நிபுணமதி என்னும் தோழி வாயிலாக மணிச்செப்பை வருவித்தாள். மணிகள் கிடைத்தவுடனே அரசன் சிங்கசேனன் அவற்றை வணிகனிடம் கொடுத்துவிடவில்லை. தன் கருவூலத்து மணிகளோடு அவற்றைக் கலந்து வைத்து, உன்னுடையவற்றை எடுத்துக்கொள் என்றான். பத்திரமித்திரன் தன்னுடையவற்றை மட்டும் அடையாளம் கண்டு எடுத்தான். அவற்றினும் உயர்ந்தவை அருகிலிருந்தும் தொடவில்லை. தன் பொருளைப் பிற பொருளிலிருந்து பிரித்தறியும் தெளிவும், பிறர் பொருளைத் தீண்டாத மனமும் ஒருங்கே அங்குச் சோதிக்கப்பட்டன.

இணையத்தில் நாணயம் விற்கும் நம் பிள்ளைகளுக்கு முதலாவது வேண்டியது அந்தத் தெளிவு. இரண்டு வெள்ளி ரூபாய்கள் ஒருபோதும் முற்றிலும் ஒத்திரா. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசில் எடை குறித்தல், இரு பக்கத்தையும் விளிம்பையும் நேரான ஒளியில் படம் எடுத்தல், இயல்பாக உள்ள கீறலையோ குழியையோ தனியே குறித்தல், உறையிலிட்டு ஒட்டும் வரை தொடர்ந்து படம் பிடித்தல் ஆகிய இவற்றைச் செய்து வைத்தால், திரும்பி வந்தது தன்னுடையதா அன்றா என்பதைப் பத்திரமித்திரனைப் போலக் கூறலாம். இதனை வாங்குபவர் மேல் கொண்ட ஐயமாகக் கருத வேண்டுவதில்லை. அதே படங்கள் விற்பவனின் பிழையையும் காட்டிக்கொடுக்கும் அல்லவா? என் தங்கை மகனை வீழ்த்தியது அவனே எடுத்த படம்தானே!

சான்று இருந்தும் நியாயம் கிடைக்காவிடில் இணையச் சந்தையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம். பொய்யுரைத்துப் பொருளை மாற்றியது வஞ்சனைக் குற்றமாதலால் காவல் துறையிடம் முறையிடவும் வழியுண்டு. உத்தம க்ஷமை என்பது முறையீடு செய்யாமல் இருப்பதன்று; வெகுளியோடு செய்யாமல் இருப்பது. வெகுளி என்னும் கஷாயம் இங்கே ஒரு புதிய வடிவம் எடுத்திருக்கிறது. ஏமாற்றிய வாங்குநரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், படம் அனைத்தையும் நாணயம் சேர்ப்போர் குழுக்களில் வெளியிட்டு, ‘இவனுக்கு விற்காதீர்’ என்று பரப்புகிறார்கள். பொருளை அனுப்புவதற்கென்று ஒருவர் நம்பித் தந்த முகவரி அது. சத்திய விரதத்தின் அதிசாரங்களுள் இரகோப்பியாக்கியானம் என்று ஒன்று உண்டு. பிறர் மறைவாக வைத்ததை வெளிப்படுத்துதல். அவர் குற்றவாளியே ஆயினும் அம்முகவரி நம் படைக்கலம் அன்று. மேலும், சில சமயம் குற்றவாளி அவர் அல்லர், வழியில் உறையைப் பிரித்த வேறொருவர் என்று பின்னர்த் தெரியவருகிறது. பரப்பிய பெயரை எப்படித் திரும்பப் பெறுவது?

அதே அதிசாரப் பட்டியலில் கூடலேகக் கிரியை, அதாவது பொய்ந்நிறை எழுத்து, என்பதும் இருக்கிறது. விற்பவர் தம் உறவினரைக் கொண்டு ‘மிக நல்ல நாணயம், நேர்மையான விற்பனையாளர்’ என்று பாராட்டு எழுதுவித்தல் இதில் அடங்கும். விற்பவரே வாங்கியவர்போல் நடித்து மதிப்புரை எழுதுவதை மேற்கூறிய 2020-ஆம் ஆண்டு விதிகளும் தடை செய்துள்ளன.

அரசின் சட்டத்தை மீறுதல் என்ற அதிசாரத்தையும் நாணய வணிகத்தில் எளிதாகக் கடந்துபோகிறோம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்வோர் உரிமம் பெறல் வேண்டும். வெளிநாட்டு அன்பர் ஒருவர் 1911-ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றை இவனிடம் கேட்டு, ‘உறையின்மேல் சட்டைப் பொத்தான் என்று எழுதி அனுப்பிவிடு’ என்றாராம். நல்ல வேளையாக இவன் மறுத்தான். நிலத்தை உழும்போது கிடைத்த காசுக் குடத்தை விற்றுத் தரச் சொல்வோரும் வருவர். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதனை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை.

அந்த 1911-ஆம் ஆண்டு ரூபாய்க்கே ஒரு கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் பொறித்த யானை மிகச் சிறிதாகவும் துதிக்கை குறுகியும் இருந்தமையால் பன்றியைப் போலத் தோன்றியது. மக்களுள் இசுலாமியர் முறையிட்டனர். அரசு வழக்காடவில்லை, அது யானைதான் என்று வாதிடவுமில்லை. அடித்த ஏறத்தாழ 94 இலட்சம் ரூபாயுள் வெளிவந்தவை சுமார் 7 இலட்சமே. எஞ்சியவற்றை உருக்கிவிட்டு, யானையைத் திருத்தி 1912-இல் புதிதாக அடித்தது. நாட்டை ஆண்ட அரசே வாங்கியவர் கண்ணுக்கு எப்படித் தோன்றியது என்பதைக் கருதி நாணயத்தை மாற்றிற்று என்று என் தங்கை மகனிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். அன்று அவன் சிரித்தது அதுவே முதல்முறை.

முதியோருக்கு ஓர் எச்சரிக்கையும் இடையில் கூறிவிடுகிறேன். உங்கள் பழைய நாணயத்துக்கு இலட்சக்கணக்கில் விலை தருகிறோம், முன்பணமாக வரியும் தரகும் செலுத்துங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயராலேயே அழைப்பு வரும். தனக்கும் அத்தகைய வணிகத்துக்கும் தொடர்பில்லை என்றும், கட்டணம் எதுவும் தான் கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்துள்ளது. பெட்டியிலிருக்கும் காசு பெட்டியிலேயே இருக்கட்டும். நாணயம் சேர்ப்பதும் பரிக்கிரகம்தானே என்று கேட்பீராயின், ஆம், அளவு வைத்துக்கொள்ளாவிடில் அதுவும் பரிக்கிரகமே. சிரீபூதி இறந்தபின் அரசனின் கருவூலத்திலேயே பாம்பாகப் பிறந்தான் என்கிறது புராணம்.

இனிப் புனேயிலிருந்து நாணயம் திரும்பி வந்த கதை. பணத்தை அனுப்பிய மறுநாளே அவர் தம் வசைக்கு வருத்தம் தெரிவித்து எழுதினார். வழக்கு அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் எண்ணினேன். ஆனால் நாணயம் இவன் மேசை மேல் இருக்கிறதே! நாணயக் குழுவில் ஒருவர், ‘உள்ளது உள்ளபடி, சோதித்து வாங்கிக்கொள்ளவும் என்று எழுதி மீண்டும் போடு, யாராவது வாங்குவார், நீ பொய்யும் சொன்னதாகாது’ என்று அறிவுரை கூறினார். இரண்டு நாள் அந்த அறிவுரை இவனை அலைக்கழித்தது. இவன் பணம் கொடுத்து வாங்கிய நாணயம், இழப்பு இவனுடையது. ஆனால் போலி என்று அறிந்த பின் அதனை விலைக்கு வைத்தால், முன்பு இருந்த ‘அறியாமை’ என்னும் சிறு நிழல்கூட இனி இல்லை. இலக்கம் திருத்தப்பட்டது என்று வெளிப்படையாக எழுதி விற்கலாம், அது நேர்மையே. அப்படி வாங்குபவர் அடுத்தவருக்கு அதே நேர்மையோடு விற்பாரா என்பதே அவனுக்கு எழுந்த கேள்வி. இறுதியில் தெரிந்த பொற்கொல்லரிடம் கொண்டுபோய், தன் கண்முன்னே உருக்கச் செய்து, பத்தரைக் கிராமுக்குச் சற்று மேற்பட்ட வெள்ளியின் விலையை வாங்கி வந்தான். அந்தத் தொகை இழப்பில் மிகச் சிறு பங்கு.

சதுர்த்தசி அன்று ஜினாலயத்திலிருந்து திரும்பும்போது அவன் வேறொரு செய்தி சொன்னான். அதே வீட்டுச் சேமிப்பில் 1936-ஆம் ஆண்டு வெள்ளி அரை ரூபாய் ஒன்றும் இருந்தது. என் தங்கை, மகனுக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு, கறுத்திருந்த காசுகளையெல்லாம் புளியும் பற்பொடியும் இட்டுத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கி வைத்திருக்கிறாள். பாத்திரத்துக்கு அது சிறப்பு. நாணயத்துக்கு அது கேடு. காலத்தால் படிந்த கருமையைச் சேகரிப்போர் மெய்ம்மையின் அடையாளமாக மதிப்பர். தேய்த்த நாணயத்தில் நுண்ணிய கீறல்கள் விழுந்து விலை பாதிக்கு மேல் இறங்கிவிடும். இவன் அதனை ‘புழக்கத்துக்கு வராத, இயல்பான பொலிவு மாறாத நிலை’ என்று எழுதி, கோயம்புத்தூரில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு விற்றுவிட்டான். அவர் முறையிடவில்லை. மாறாக, மகிழ்ந்து நன்றி எழுதியிருந்தார்.

“அவர்தான் ஒன்றும் கேட்கவில்லையே” என்று நான் அவனைச் சோதிப்பதற்காகவே கேட்டேன்.

“அடைக்கலம் வைத்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்டால், ஆமாம் அவ்வளவுதான் என்று கொடுப்பதும் குற்றம் என்று நீங்கள்தானே சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தீர்கள், பெரியம்மா” என்றான். நியாசாபகாரம் என்னும் அதிசாரத்தை எந்த ஆண்டில், எந்தக் கோடை வகுப்பில் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோயம்புத்தூருக்கு எழுதினான்: நாணயம் தேய்க்கப்பட்டது; தாம் எழுதிய தரம் சரியன்று; திருப்பி அனுப்பினால் முழுப் பணமும், வைத்துக்கொள்ள விரும்பினால் விலையில் பாதியும் தரச் சித்தமாயிருப்பதாக. மூன்று வாரம் ஆகிறது. மறுமொழி இன்னும் வரவில்லை. பாதி விலையை ஓர் உறையிலிட்டு, அவர் பெயரை மேலே எழுதி என் பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறான். தன் வீட்டில் இருந்தால் செலவாகிவிடுமாம்.